கண்ணாடி ஸ்லைடிங் கதவு தானாக மூடிக்கொள்ள என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில், மலையைப் பார்த்த தெரு. பட்டாசலுக்கும் புறவாசலுக்கும் நடுவே அலுமினிய ஃப்ரேமில் கண்ணாடி ஸ்லைடிங் கதவு போட்டு நான்கு வருஷம் ஆகிறது. இரண்டு கதவு, ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஏழடி. பேரப்பிள்ளைகள் திறந்துபோட்டபடியே ஓடிவிடுகிறார்கள். பகலில் குரங்கு வருகிறது, பொழுது சாய்ந்தால் கொசு. கதவு தானாக மூடிக்கொள்ள ஏதாவது மாட்டலாமா? ஒரு கடையில் ஹைட்ராலிக் குளோசர் போதும் என்றார்கள். இன்னொரு கடையில் மோட்டார் வைத்தால்தான் சரிவரும் என்கிறார்கள். என் மாமியாருக்கு 80 வயது. அவர்களும் திறக்கும்படி இருக்க வேண்டும்.

பதில்: தாராளமாக மாட்டலாம் அம்மா. ஆனால் அந்த இரண்டு கடையிலும் சொன்னது உங்கள் கதவுக்கு வேண்டாம்.

ஹைட்ராலிக் குளோசர் கீல் வைத்த கதவுக்கானது. கதவு திரும்பும்போது அதன் கை ஒரு தண்டைத் திருகும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் திருப்பிக் கொண்டுவரும், எண்ணெய் வேகத்தை மட்டுப்படுத்தும். நேராக ஓடும் கதவில் திரும்புவதற்கு எதுவுமே இல்லை. சாஃப்ட் குளோஸ் என்று இன்னொன்று விற்கிறார்கள். அது கதவு மூடப்போகும் கடைசிச் சில அங்குலத்தில்தான் பிடித்து மெதுவாக இழுக்கும். முழுக்கத் திறந்து கிடக்கும் கதவை அது நகர்த்தாது.

மோட்டார் வைத்தால் சென்சார் வரும். எதிரே யார் நின்றாலும் திறக்கும், குரங்கு நின்றாலும் திறக்கும். கரண்ட் போனால் கையால் தள்ள வருமா, பேட்டரி உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் பெரிய கடைகளுக்கும் அது சரி. புறவாசல் கதவுக்கு அவ்வளவு செலவு எதற்கு?

உங்களுக்கு வேண்டியது, மூடும் பக்கத்துச் சட்டத்திலிருந்து கதவை விடாமல் மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும் ஒரு விசை. அதை எடைக்கல்லாலும் தரலாம், ஸ்பிரிங் சுருளாலும் தரலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டு எந்தக் குளோசரை மாட்டினாலும் ஆறு மாசத்தில் கழற்றி மூலையில் போடுவீர்கள். முதலில் கதவு ஒற்றை விரலுக்கு ஓட வேண்டும்.

காரணம் இதுதான். கதவை நகர்த்தவே ஒரு கிலோ இழுவை தேவை என்றால், குளோசர் அதற்கு மேல், ஒன்றரைக் கிலோவாவது இழுக்க வேண்டும். திறக்கிறவர்களோ உராய்வையும் வெல்ல வேண்டும், குளோசரின் இழுப்பையும் வெல்ல வேண்டும். ஆக இரண்டரைக் கிலோ. உங்கள் மாமியாரால் முடியும். அதே கதவு அழுக்கேறி மூன்று கிலோ கேட்கிறது என்று வையுங்கள். குளோசர் நான்கு கிலோ, திறக்க ஏழு கிலோ. 80 வயதுக் கைக்கு அது நடக்காது. உராய்வு இரண்டு பக்கமும் வட்டி வாங்கும்.

அளந்து பார்ப்பது சுலபம். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கைத்தராசு இருக்கிறதல்லவா, அதன் கொக்கியைக் கைப்பிடியில் மாட்டிக் கதவைப் படுக்கைவசமாக இழுங்கள். முழுக்கத் திறந்த இடத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, மூட இரண்டு அங்குலம் இருக்கும்போது ஒரு தடவை. மூன்றையும் எழுதி வையுங்கள். கடைசி அளவுதான் பெரும்பாலும் அதிகமாக வரும். அங்கேதான் கதவின் விளிம்பு சட்டத்துக்குள் நுழைகிறது, ஓரத்து ரோமப்பட்டை இறுக்குகிறது.

மூன்றடிக்கு ஏழடி என்றால் கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர். கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ. வீடுகளில் அதிகம் போடும் 5 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் சுமார் 24 கிலோ, சட்டம் சேர்த்து இன்னும் சில கிலோ. நல்ல ரோலரில் இந்த எடைக்கு ஒரு கிலோ இழுவை போதும். உங்கள் தராசு இரண்டு கிலோவைத் தாண்டினால் கதவைத் தூக்கிக் கழற்றச் சொல்லுங்கள்.

கழற்றியதும் கீழ்த் தண்டவாளத்தைக் கிட்டத்தில் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் நான் எடுக்கிற அழுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்: செம்மண், தலைமுடி, செத்த எறும்பு, காய்ந்த வேப்பம்பூ, இவை எல்லாவற்றையும் தேங்காய் எண்ணெய் சேர்த்துப் பிசைந்த கறுப்புக் களிம்பு. கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவது நம் வழக்கம். தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெயும் கிரீசும் மண்ணைப் பிடித்து வைக்கும், அந்த மண் ரோலரைத் தின்னும். பழைய பிரஷ்ஷால் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மெழுகுவர்த்தியைத் தண்டவாளத்தின் முதுகில் இரண்டு தடவை தேய்த்தால் போதும். சிலிக்கான் ஸ்பிரேயும் அடிக்கலாம். ரோலர் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பேரிங் வைத்த ரோலராகக் கேட்டு வாங்குங்கள். கதவின் பக்கவாட்டில் கீழே உள்ள ஸ்குரூவைத் திருகினால் ரோலர் ஏறும், இறங்கும். ரசமட்டம் வைத்து இரண்டு முனையும் சமமாகும்வரை திருக வேண்டும்.

சரி, இப்போது எடையா ஸ்பிரிங்கா? நான் எடைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். சாதாரண ஸ்பிரிங் நீளும்போது பலமாக இழுக்கும், சுருங்கச் சுருங்கத் தளரும். அதாவது கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது வெடுக்கென்று இழுத்துவிட்டு, பலம் தேவைப்படும் கடைசி இரண்டு அங்குலத்தில் கைவிட்டுவிடும். அந்த இரண்டு அங்குலம் கொசுவுக்கு ராஜபாட்டை. கடையில் டப்பாவுக்குள் சுருண்ட பட்டை ஸ்பிரிங்கும் கம்பிக் கயிறும் வைத்து ரெடிமேடாக வருவதில் நல்லதும் உண்டு. வாங்கினால் ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே இழுப்பு இருக்கிறதா என்று அதே கைத்தராசில் பார்த்து வாங்குங்கள். எடைக்கல்லுக்கு இந்தச் சோதனையே வேண்டாம். அது எங்கே தொங்கினாலும் அதே எடைதான்.

செய்முறை இது. கதவு மூடி வந்து நிற்கும் பக்கத்துச் சுவரில் ஒன்றரை இஞ்ச் பிவிசி பைப்பைச் செங்குத்தாகக் கிளாம்ப் அடித்து நிறுத்துங்கள். அதற்கு மேலே ஒரு கப்பி. கதவின் மேல் சட்டத்தில் ஒரு சின்ன பிராக்கெட். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ஸ்டீல் கம்பிக் கயிற்றைப் பிராக்கெட்டில் கட்டி, கப்பி வழியே பைப்புக்குள் இறக்கி, முனையில் எடையைத் தொங்கவிடுங்கள். கதவு மூன்றடி திறந்தால் எடை மூன்றடி ஏறும். கயிறு தலைக்கு மேலே, சட்டத்தை ஒட்டியே ஓடுவதால் யார் மேலும் படாது. எடைக்கு 25 மில்லிமீட்டர் இரும்புத் தண்டு வசதி. அது மீட்டருக்கு 3.85 கிலோ. மில்லிமீட்டர் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுக்கும் கம்பி வியாபாரிகளின் கணக்கில் வருவதுதான். அரை மீட்டர் வெட்டினால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூட இரண்டு அங்குலம் இருக்கும்போது அளந்தீர்களே, அதைவிட அரைக் கிலோ கூடுதலாக வைத்து ஆரம்பியுங்கள்.

எடை மட்டும் இருந்தால் கதவு வேகம் எடுத்து மடாரென்று அடிக்கும், குழந்தைகளின் விரல் மாட்டும். இதில் சமரசம் கூடாது. இதற்கு ஒரு பழைய கை வேலை இருக்கிறது. தண்டின் அடியில், பம்பில் போடுகிற மாதிரி ஒரு தோல் வாசரைப் பைப்போடு ஒட்டி உரசும் அளவில் பொருத்துங்கள். தோலின் விளிம்பு கீழ்நோக்கிக் கவிந்திருக்க வேண்டும். பைப்பின் அடியை மூடிபோட்டு அடைத்து, மூடியில் ஒரே ஒரு சின்னத் துளை. எடை இறங்கும்போது அடியில் சிக்கிய காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும், அதனால் கதவு நிதானமாக வரும். துளையை முதலில் மிகச் சிறிதாகப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். முழுக்கத் திறந்த கதவு மூட ஐந்தாறு விநாடி எடுத்தால் சரி. மூடும் விளிம்பில் ரப்பர் பட்டையும் ஒட்டிவிடுங்கள்.

மாட்டும்போது இரண்டு விஷயம். உங்களுடையது இரண்டு தண்டவாளக் கதவு. குளோசர் உள் தண்டவாளத்தில் ஓடும் கதவுக்கே வர வேண்டும். வெளிக் கதவில் பிராக்கெட் வைத்தால், திறக்கும்போது அது உள் கதவில் இடித்து நின்றுவிடும். வெளிக் கதவை அதன் இடத்திலேயே ஒரு ஸ்குரூவில் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று ஸ்குரூவின் நீளம். சட்டத்துக்குள் ஒளிந்துதான் கண்ணாடியின் விளிம்பு உட்கார்ந்திருக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீட்டில், தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு அங்குல ஸ்குரூவை முடுக்கினேன். அதன் முனை டஃபன்டு கண்ணாடியின், அதாவது பதப்படுத்தி உறுதியாக்கிய கண்ணாடியின், விளிம்பைத் தொட்டது. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம், ஏழடிக் கதவு முழுவதும் கற்கண்டுத் துண்டுகளாகத் தரையில். அந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, எனக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. டஃபன்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது, அதன் விளிம்புதான் உயிர்நிலை. அரை அங்குலத்துக்கு மேல் ஸ்குரூ வேண்டாம். எங்கே கண்ணாடி முடிகிறது என்று பார்த்தபிறகே துளை போடச் சொல்லுங்கள்.

ஆனி, ஆடியில் சாரல் காற்று மலையிறங்கி வரும்போது கதவு திடீரென்று கனப்பதாகத் தோன்றும். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று உங்கள் கதவின் மேல் நேராக மோதினால் கிட்டத்தட்ட 12 கிலோ அழுத்தம். அது கதவைத் தண்டவாளத்தின் ஓரத்தோடு சேர்த்து அழுத்துவதால் உராய்வு கூடும், கதவு பாதியில் நிற்கலாம். அந்த இரண்டு மாசத்துக்கு மட்டும் அரைக் கிலோ எடையைக் கூட்டிக்கொள்ளும்படி தண்டின் மேல் ஒரு கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தைச் சாரலுக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு தடவை சுத்தம் செய்தால் போதும்.

கடைசியாகக் குரங்கு. குளோசர் கதவை மூடும், பூட்டாது. இரண்டரைக் கிலோ இழுப்பு குரங்குக்கு ஒன்றுமே இல்லை. நாலு நாள் பார்த்தால் அதுவே திறக்கப் பழகிவிடும். அதற்காகத் தானாகப் பூட்டிக்கொள்ளும் டச் லாக் போடாதீர்கள். மாமியார் துணி எடுக்கப் புறவாசலுக்குப் போன நேரத்தில் கதவு மூடிப் பூட்டிக்கொண்டால், உள்ளே ஆள் இல்லாதபோது அவர்கள் வெளியிலேயே நிற்க வேண்டிவரும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் கையால் தூக்கிவிடுகிற சாதாரணக் கொக்கித் தாழ்ப்பாளாக, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் வையுங்கள். பெரியவர்களுக்குக் குனிய வேண்டியிராது.