வெயிலும் கரியமில வாயுவும்: கேள்வி பதில்

கரியமில வாயுவை வெளிச்சத்தின் துணையோடு எரிபொருளாக மாற்றும் குறைக்கடத்தி (மின்சாரத்தை ஓரளவே கடத்தும் பொருள்) நானோ பொருள்கள், அதாவது மிக நுண்ணிய துகள்கள், பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். கோவையில் பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்கு இதுதான் வேலை.

காங்கேயம், கொப்பரைக் களம் வைத்திருப்பவர்: அம்மணி, வெயிலில் கொப்பரை காய்வது தெரியும். அதே வெயிலில் புகை எப்படி எரிபொருளாகும்?

ஐயா, கொப்பரையைக் காய வைப்பது வெயிலின் சூடு. இங்கே வேலை செய்வது வெளிச்சம். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடி இருக்கிறது. அது ஒரு குறைக்கடத்தி. போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டால் அதற்குள் ஓர் எலக்ட்ரான் மேலே எழும்பும். அது விட்டுப்போன இடத்தைத் 'துளை' என்கிறோம். துளை தண்ணீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, ஆக்சிஜன் வெளியேறும். மேலே எழும்பிய எலக்ட்ரான் கரியமில வாயுவுக்குப் போகும். இரண்டு எலக்ட்ரான் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, ஆறு சேர்ந்தால் மெத்தனால், எட்டு சேர்ந்தால் மீத்தேன். விறகு எரியும்போது நடப்பதைத் திருப்பி நடத்துகிறோம். எரிந்தபோது வெளியே போன ஆற்றலை வெயில்தான் திருப்பித் தர வேண்டும்.

கோபி, பிளஸ் டூ மாணவர்: நானோ அளவு எதற்கு? சாதாரணப் பொடி போதாதா?

எலக்ட்ரானும் துளையும் மறுபடி சேர்ந்துவிடத் துடிப்பவை. பெரும்பாலானவை கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட ஆவதற்குள் சேர்ந்து, பெற்ற ஆற்றலைச் சூடாக இழந்துவிடும். துகள் சிறிதானால் மேற்பரப்புக்குப் போகும் தூரம் குறையும், சில எலக்ட்ரான்கள் தப்பும். பரப்பும் பெருகும்: 10 நானோமீட்டர் துகள்களாக இருந்தால் ஒரு கிராம் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய 150 சதுர மீட்டர் பரப்பு. நம் கணக்கில் மூன்றரை சென்டுக்கு மேல்! ஆனால் சிறிதாக்கிக்கொண்டே போனால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். மேற்பரப்புக் குறைகளும் பெருகும், அவையே எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும்.

உடுமலை, இயற்பியல் ஆசிரியர்: எந்தப் பொருள் சிறந்தது?

1972இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் தண்ணீரைப் பிளக்க டைட்டானியம் டை ஆக்சைடைப் பயன்படுத்தினார்கள். 1979இல் ஜப்பானியக் குழு ஒன்று பல குறைக்கடத்திப் பொடிகளைக் கொண்டு கரியமில வாயுவை மாற்றிக் காட்டியது. அந்த இருவரும் அதில் இருந்தார்கள். டைட்டானியம் டை ஆக்சைடு மலிவு, உறுதியானது. ஆனால் அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை மேலே எழுப்பக் குறைந்தது தேவைப்படும் ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் புறஊதா ஒளியை மட்டுமே ஏற்கும். தரையை எட்டும் வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. காட்மியம் சல்ஃபைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஏற்கும், ஆனால் வெளிச்சத்தில் தானே அரித்துப்போகும், காட்மியம் நஞ்சும்கூட. அந்தக் கழிவைத் தயவுசெய்து சாக்கடையில் ஊற்ற விடாதீர்கள். நொய்யல் ஆறு பட்டது போதும்.

திருப்பூர், சாயப்பட்டறை உரிமையாளர்: எங்கள் கொதிகலன் புகைபோக்கியில் இதைப் பொருத்தலாமா?

இன்று முடியாது. ஒரு கிராம் பொடி ஒரு மணி நேரத்தில் 10 மைக்ரோமோல் (0.16 மில்லிகிராம்) மீத்தேன் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பொடி போட்டாலும் மணிக்கு 0.16 கிராம்தான். வீட்டு சிலிண்டரில் இருக்கும் 14.2 கிலோ எடைக்கு மீத்தேன் சேர்க்க, நாளுக்கு எட்டு மணி நேர வெயிலில் முப்பது ஆண்டுகள் ஆகும். உங்கள் புகையில் ஆக்சிஜனும் கலந்திருக்கிறது. கரியமில வாயுவுக்குப் போக வேண்டிய எலக்ட்ரானை அது முந்திக்கொண்டு வாங்கிவிடும். இப்போதைக்குக் கொதிகலனில் வீணாகும் வெப்பத்தை மீட்க முதலீடு செய்யுங்கள்.

சாயநீரில் இந்தப் பொடியைப் போட்டால் நிறம் போகும் என்றும் கேட்டிருந்தீர்கள். போகும். ஆனால் அது வேறு வினை. சாயம் முழுவதும் சிதைந்தால் கடைசியில் கரியமில வாயுதான் வெளிவரும்.

பெருந்துறை, முதுகலை மாணவி: அக்கா, யூரியாவைச் சூடாக்கிக் கார்பன் நைட்ரைடு என்ற குறைக்கடத்திப் பொடி செய்தேன். வெளிச்சம் காட்டியதும் மீத்தேன் வந்தது. கட்டுரை எழுதிவிடலாமா?

பொறுங்கள். எனக்கும் இப்படி ஒரு மீத்தேன் வந்தது. மூன்று மாதம் அதை நம்பி வேலை செய்தேன். பிறகு ஒருநாள் கரியமில வாயுவுக்குப் பதில், கார்பனே இல்லாத, எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை நிரப்பிப் பார்த்தேன். அதே அளவு மீத்தேன் வந்தது. துகள்களைத் தயாரித்தபோது ஒட்டிக்கொண்டிருந்த கரிமச் சேர்மம்தான் சிதைந்துகொண்டிருந்தது. அன்று இரவு தூங்கவில்லை. அந்த முடிவை யாரிடமும் காட்டுவதற்கு முன்பே தெரிந்ததே என்று இப்போதும் நிம்மதியாக இருக்கிறது.

உங்கள் பொடியிலேயே கார்பன் இருக்கிறது. அதனால் இருட்டில் ஒரு முறை, பொடி இல்லாமல் ஒரு முறை, ஆர்கானில் ஒரு முறை செய்யுங்கள். ஆக்சிஜன் வருகிறதா என்றும் அளந்து பாருங்கள். எலக்ட்ரான் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் அல்லவா? எலக்ட்ரான் கொடுப்பதற்காக ட்ரைஎத்தனாலமைன் சேர்த்திருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை, அதுவும் கரிமச் சேர்மம்தான். கடைசிச் சான்று கார்பன்-13, அதாவது சாதாரணக் கார்பனைவிட ஓர் அலகு கனமான கார்பன். அதனால் ஆன கரியமில வாயுவைக் கொடுத்தால் மீத்தேனின் நிறை 16க்குப் பதில் 17 என்று வர வேண்டும்.

பவானி, விவசாயி: இதற்கு மரம் நட்டால் போதாதா?

மரம் நடுங்கள் ஐயா. ஆனால் பயிர்கள் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கைத்தான் சேமிக்கின்றன. நிலமும் நீரும் கேட்கின்றன. விளையாத நிலத்திலும் வெயிலை எரிபொருளாகச் சேமிக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் பாடுபடுகிறோம்.

பெருந்துறை மாணவி மீண்டும்: அக்கா, ஆர்கானில் பார்த்தேன். மீத்தேன் பாதியாகக் குறைந்தது. நின்றுவிடவில்லை.

நல்ல வேலை செய்தீர்கள். அப்படியானால் ஒரு பாதியாவது பொடியிலிருந்தோ அழுக்கிலிருந்தோ வருகிறது. கரியமில வாயு இல்லாமல், ஈரமான காற்றோட்டத்தில் பொடியை ஓர் இரவு முழுவதும் விளக்கின் கீழ் வையுங்கள். ஒட்டியிருப்பது பெருமளவு எரிந்து போகும். பிறகு ஆர்கானில் மறுபடி அளந்துவிட்டு எழுதுங்கள், இரண்டு எண்களையும் பார்க்க வேண்டும்.