கடல் தெரியும் வீடா, காற்று வரும் வீடா?

கேள்வி: கீழக்கரையில் முற்றம் வைத்த பழைய வீட்டில் இருக்கிறோம். பாகம் பிரிப்பதால் அதை விற்றுவிட்டு ஃபிளாட் வாங்கப் போகிறோம். கணவர் துபாயில் இருக்கிறார். இங்கே நான், இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள 71 வயது மாமியார். இப்போதைய வீட்டில் பின்வாசல் வழியாகவே தினமும் நாலு வீட்டுக்குப் போய் வருவார். புதுக் கட்டடத்தில் இரண்டு வீடுகள் மிச்சம். ஒன்று மூன்றாவதும் கடைசியுமான மாடியில் தென்மேற்கு மூலை; பால்கனியில் கடல் தெரியும். மற்றது முதல் மாடி. தெற்கிலும் வடக்கிலும் ஜன்னல், கடல் தெரியாது. பில்டர் மேல்வீட்டைத்தான் சொல்கிறார். வரைபடம் இணைத்துள்ளேன். எதை வாங்கலாம்?

பதில்: முதல் மாடி வீட்டை வாங்குங்கள், சகோதரி. கடலை மொட்டை மாடிக்குப் போயும் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊருக்குக் கடல் தெற்கே. வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை, வடகிழக்கிலிருந்து. தெற்கிலும் வடக்கிலும் ஜன்னல் இருந்தால் எந்தப் பருவத்திலும் ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேறும். மேல்வீட்டின் படத்தைப் பாருங்கள்: ஜன்னல் எல்லாம் தெற்கிலும் மேற்கிலும். உள்ளே வரும் காற்று போக ஒரே வழி வாசல் கதவு. அதுவும் எதிர்வீட்டுக் கதவுக்கு நேராக இருக்கிறது. அதை நீங்கள் பகலில் திறந்து வைக்கப் போவதில்லை. வெளியேற வழி இல்லாத அறைக்குள் காற்று நுழையாது; ஜன்னல் எவ்வளவு பெரிதானாலும் சரி.

அடுத்தது வெயில். சித்திரை பிறக்கும் சமயத்தில் உங்கள் ஊரில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம்தான். அதனால் கோடையில் தெற்கு ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேடே போதும். மேற்குச் சுவர் அப்படியல்ல. சாய்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. மேல்மாடிக்கு அந்தச் சுவரோடு கூரையும் சேர்ந்து காயும். பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் ராத்திரியில்தான் இறக்கும், பிள்ளைகள் தூங்கும் நேரத்தில். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்தால் குறையும், போகாது.

இனி உங்கள் மாமியார். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பின்வாசல் வரிதான். மூன்றாம் மாடியில் அவருடைய நாள், லிஃப்ட் ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது. உப்புக்காற்றில் லிஃப்ட் அடிக்கடி மக்கர் செய்யும். கரண்ட் கட் வேறு. நான் பார்த்த ஒரு கட்டடத்தில் ஓர் அம்மா லிஃப்ட் நின்ற பிறகு ஒரு மாதம் கீழே இறங்கவே இல்லை. வலி கால்களில்தான் இருந்தது, ஆனால் படுத்தவர் பேச்சையும் குறைத்துக்கொண்டார். முதல் மாடி என்றால் ஒரே ஏற்றம். படி உயரம் ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல், இருபுறமும் கைப்பிடி வைத்துத் தரச் சொல்லுங்கள். நடுத்தளத்தில் உட்கார ஒரு சிமெண்ட் திண்டும் கேளுங்கள். அந்த வீட்டு வாசல் எதிர்வாசலுக்கு நேராக இல்லாமல் தள்ளியிருக்கிறது. வலைக்கதவு போட்டுத் திரை தொங்கவிட்டால் மரக்கதவைத் திறந்தே வைக்கலாம். போகிற வருகிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள்.

குடிதண்ணீர் குடம் விலைக்கு வாங்கும் ஊர் உங்களுடையது. மூன்று மாடி தூக்கும் சிரமத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மீன் அலச அடுப்படியை ஒட்டித் தொட்டி வைத்த இடம் இருக்கிறதா, அதன் ஜன்னல் வெளிப்பக்கம் திறக்கிறதா என்பதையும் பாருங்கள். வீடுகளுக்கு நடுவே குழாய்கள் இறங்கும் பொது டக்ட்டுக்குள் திறந்தால் பக்கத்து வீட்டுக் கவிச்சி உங்கள் வீட்டுக்கு வரும்.

கட்டடத்தின் உடம்பையும் சோதிக்க வேண்டும். கடலோரத்துக்கு இந்தியத் தர விதி குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரமுள்ள கான்கிரீட்டும், உள்ளிருக்கும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் மூடாக்கும் கேட்கிறது. கலவைத் தண்ணீரில், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. எனவே தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதே பில்டர் சில வருஷம் முன் கட்டிய வீடு ஒன்றைப் போய்ப் பாருங்கள். சன்ஷேடின் அடி விளிம்பில் துருக்கோடு இருந்தால் உள்ளே கம்பி ஊதிவிட்டது. ஓரிடத்தில் நான் விரலால் தொட்டேன். பூச்சு பொருக்காக உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒருநாள் மூன்று மணி வாக்கில் இரண்டு வீட்டுக்கும் போங்கள். வாசல் கதவைச் சாத்திவிட்டு ஹால் நடுவில் ஊதுபத்தி கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். அவர் எந்தப் படியில் மூச்சு வாங்க நிற்கிறார் என்று கவனியுங்கள். அந்தத் திண்டை அங்கேதான் கட்டச் சொல்ல வேண்டும்.