கூலன்ட் சென்சாரை மாற்றுமுன் மல்டிமீட்டரை எடுங்கள்: கேள்வி பதில்

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பது கூலன்ட் சென்சார். அதைப் பற்றி தென்னாப்பிரிக்காவில் டர்பன் முதல் ஜோஹானஸ்பர்க் வரை பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வாகன மின்பழுது பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவரின் பதில்கள்.

சாட்ஸ்வொர்த்: அண்ணா, பழைய கொரோலா. இன்ஜின் சூடான பிறகும் கரும்புகை வருகிறது, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. கூலன்ட் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும் தம்பி. சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு தெர்மிஸ்டர். தடை கூடுதலாகக் காட்டினால் இன்ஜின் குளிர்ந்திருப்பதாக ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைத்து பெட்ரோலை அள்ளி ஊற்றும். கரும்புகை அதனால் வரலாம். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரும் கெடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் தொடங்குங்கள். சாவி அணைந்திருக்க வேண்டும், சென்சார் பிளக் கழற்றியிருக்க வேண்டும். மல்டிமீட்டரை 20k ஓம் (மின்தடை) அளவில் வைத்து சென்சாரின் இரண்டு பின்களையும் தொடுங்கள். டொயோட்டாவில் 20 டிகிரிக்கு 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கலாம். பிறகு பிளக்கை மாட்டி, ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை சூடாக்கி, வண்டியை அணைத்துவிட்டு மறுபடி அளங்கள். 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். அதைவிடச் சூடென்றால் இன்னும் குறையும்.

ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். குளிரில் சரியாகக் காட்டிச் சூட்டில் தவறும் சென்சார்கள் நிறைய. ஆறும்போது மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்: எண் சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தாலோ அறுந்ததுபோல் காட்டினாலோ சென்சார் போய்விட்டது.

டோங்காட்: என்னுடைய பழைய ஃபோர்ட் காரில் குளிர்ந்த நிலையில் 37,000 ஓம் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. ஃபோர்டின் பல பழைய மாடல்களில் 20 டிகிரிக்கு அதுதான் சரியான அளவு; 100 டிகிரியில் 2,000 ஓம் அளவுக்கு இறங்கும். ஒரு கம்பெனியின் அட்டவணையை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது.

லெனேசியா: சென்சாரைக் கழற்றிக் கொதிநீரில் வைத்தேன். 100 டிகிரிக்கு 186 ஓம் என்று அட்டவணை சொல்கிறது, எனக்கு 215 வருகிறது.

உங்கள் சென்சார் நன்றாக இருக்கிறது ஐயா. ஜோஹானஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கடலோர டர்பனில் செய்தால் 186-ஐ ஒட்டி வரும். தண்ணீருக்குள் ஒரு தெர்மாமீட்டரையும் போட்டு, அது காட்டும் டிகிரிக்கான ஓமைப் பாருங்கள். உலோக முனை மட்டும் நனையட்டும், பின்கள் நனைந்தால் அளவு தவறும்.

ஃபீனிக்ஸ்: பழுதைப் படிக்கும் ஸ்கேனரில் மைனஸ் 40 டிகிரி, பழுதுக் கோட் பி0118. சாவி போட்டதுமே ஃபேன் ஓடுகிறது. புது சென்சார் போட்டும் அதேதான். ஆனால் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் சரியாக இருக்கிறது அண்ணா.

முள்ளுக்குப் பல வண்டிகளில் தனி சென்சார் உண்டு, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மைனஸ் 40 என்றால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. சூடு தெரியாததால் ஈ.சி.யூ. பாதுகாப்புக்காக ஃபேனை ஓடவிடுகிறது.

பிளக்கைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். பிளக்கின் ஒரு வயரில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் சிக்னல் வயர் அறுந்திருக்கலாம். 5 வோல்ட் வந்தால் கறுப்பு முனையை பிளக்கின் அடுத்த வயருக்கு மாற்றுங்கள். அப்போதும் 5 வந்தால் எர்த் வயரும் சரி. பூஜ்யமானால் எர்த் வயர்தான் குற்றவாளி. அளக்கும்போதே வயர்களை லேசாக ஆட்டிப் பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் இரு வயர்களையும் ஒரு சிறு கம்பியால் இணையுங்கள். ஸ்கேனர் 120 டிகிரிக்கு மேல் தாவினால் வயரும் ஈ.சி.யூ.வும் நலம், பிளக்கின் பின்களைத்தான் பார்க்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் அவை பச்சையாகப் பூத்துவிடும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, தளர்ந்த பின்னை இறுக்குங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: என் போலோவில் நான்கு பின்கள் இருக்கின்றனவே?

ஒரே உடம்பில் முள்ளுக்கு ஒன்று, ஈ.சி.யூ.வுக்கு ஒன்று என இரண்டு சென்சார்கள் அக்கா. எந்த ஜோடி எதற்கென்று வயரிங் படத்தில் பார்த்த பிறகே அளங்கள். இதில் கம்பியால் இணைக்கும் சோதனை வேண்டாம். சென்சாரை மாற்றினால் கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையமும் புதிது போடுங்கள்.

வெருலம்: முள்ளுக்கான ஒற்றை வயர் சென்சாரை மாற்றினேன். முள் எழும்பவே இல்லை.

சென்சாரின் மரையில் (திருகும் புரியில்) டெஃப்லான் டேப் சுற்றினீர்களா? ஒற்றை வயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. டேப்பை எடுத்துவிட்டு மாட்டுங்கள். பித்தளை மரை என்பதால் அதிகம் முறுக்க வேண்டாம். பிறகு கூலன்ட்டை நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். சென்சார் முனை காற்றுக்குமிழியில் நின்றால் இன்ஜின் கொதித்தாலும் குறைவாகவே காட்டும். ரேடியேட்டர் மூடியை நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.