"புட் ஆஃப்", "கால் ஆஃப்" இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே? "புட் ஆஃப்" எங்கெல்லாம் வரும்?

ஒரே அர்த்தம் இல்லை. இதில் எனக்கு ஒரு வேலையே கைநழுவிப் போயிருக்கிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்களும் ஏதோ இன்டர்வியூவுக்குத் தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

2009-ல் நடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு. டிகிரி முடித்துச் சும்மா இருந்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை இன்டர்வியூ. சனிக்கிழமை ஒரு மேடம் போனில், "யுவர் இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் தர்ஸ்டே" என்றார். நான் தமிழ் மீடியம். எனக்குத் தெரிந்த ஆஃப் இரண்டுதான்: லைட்டை ஆஃப் பண்ணுவது, "இன்னைக்கு எனக்கு ஆஃப்" என்று லீவு சொல்வது. சரி, வியாழன் வரைக்கும் ஆபீஸ் லீவு, அப்புறம் கூப்பிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். "ஓகே மேடம், தேங்க்யூ மேடம்" வேறு.

வியாழக்கிழமை பதினொன்றரை மணி. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவோடு ரப்பர் பாலில் ஆசிட் கலந்து தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். போன் அடிக்கிறது. எங்கே இருக்கிறீர்கள், உங்கள் முறை வந்துவிட்டது என்கிறார்கள். பஸ் பிடித்தாலே இரண்டு மணி நேரம். அம்மா மட்டும், "மக்ளே, அப்பமே ஒருக்கா திருப்பிக் கேட்டிருக்கலாம்லா" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தட்டை நீட்டினார்.

புட் ஆஃப் என்றால் தள்ளிவைப்பது. காரியம் நடக்கும், பிறகு நடக்கும். கால் ஆஃப் என்றால் கைவிட்டாயிற்று. கன்னியாகுமரி படகுத்துறையில் நின்றால் வித்தியாசம் சட்டென்று புரியும். காலை எட்டு மணிக்கு விவேகானந்தர் பாறைக்குக் கிளம்ப வேண்டிய படகு, கடல் நீர்மட்டம் தாழ்ந்தால் பத்து மணிக்குத் தள்ளிப்போகும். வரிசையில் நிற்பவர்கள் கலைய மாட்டார்கள். அது புட் ஆஃப். காற்று பலத்து, இன்றைக்குப் படகே கிடையாது என்றுவிட்டால் கால் ஆஃப்.

தள்ளிவைக்கும் வேலையைச் சொல்லும்போது பின்னால் "இங்" வரவேண்டும். "ஐ புட் ஆஃப் கோயிங்" சரி, "புட் ஆஃப் டு கோ" தப்பு. "இட்" வந்தால் நடுவில் உட்காரும்: "புட் இட் ஆஃப்".

இன்னொரு அர்த்தம், மனசை விலக வைப்பது. ரப்பர் மரத்தில் வடிந்து உறைந்துபோன ஒட்டுப்பால் நாற்றம் தெரியுமா? சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அது குவிந்துகிடந்த அறையைத் தாண்டி வந்ததோடு மத்தியானச் சாப்பாடே வேண்டாம் என்றுவிட்டார். "த ஸ்மெல் புட் ஹிம் ஆஃப் ஹிஸ் லஞ்ச்." காசு எண்ணும்போது பக்கத்தில் ஒருவன் பேசிப் பேசிக் கணக்கைக் குழப்பினாலும் "யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்" எனலாம். அப்புறம், சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பது. ஒரு சர்டிபிகேட்டுக்காக ஒரு ஆபீசுக்கு நாலு தடவை நடந்தேன். சார் லீவு, சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்க. "தே கெப்ட் புட்டிங் மீ ஆஃப்."

"புட் ஆஃப் த லைட்" விட்டுப்போச்சே என்று யாராவது வருவீர்கள். பழைய ஆட்கள் சொல்வார்கள், எங்கள் பள்ளிக்கூட வாத்தியாரும் சொல்வார், தப்பு என்று நான் சொல்லவில்லை. இன்று "டர்ன் ஆஃப்", "ஸ்விட்ச் ஆஃப்" தான் அதிகம் காதில் விழுகிறது. நான் இங்கிலீஷ் புரொஃபசர் கிடையாது, பட்டதைச் சொல்கிறேன்.

பிற்பாடு சென்னையில் மேன்ஷனில் தங்கியிருந்தபோது இந்தக் கதையை அறையில் சொன்னேன். "அந்த மேடம் பறைஞ்சது எனக்கு மனசிலாகல்லை" என்று வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். வேலை போனதை யாரும் கேட்கவில்லை, "நீ மலையாளியா?" என்று பிடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடி 1956 நவம்பர் 1-ல் சேர்ந்த மாவட்டம் எங்களுடையது. பறைதல் என்றால் சொல்லுதல் என்று தமிழ் அகராதியிலேயே இருக்கிறது. அதைச் சொன்னதற்கும் சிரித்தார்கள்.