செல்ஃப் எடுக்காத பழைய கார்: ஒயரிங் மாற்றணுமா, பேட்டரி மாற்றணுமா?

கேள்வி: என்னிடம் 2006 மாடல் மாருதி 800 இருக்கிறது. வீடு மண்டபத்தில், வடகடல் கரைக்குப் பக்கம். தினமும் எடுத்தால் வண்டி ஓடுகிறது. நாலைந்து நாள் நிறுத்திவிட்டால் செல்ஃப் எடுப்பதில்லை, ‘டக்’ என்ற சத்தத்தோடு சரி. தள்ளிவிட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். இது போக, டெயில் லைட் ஃபியூஸும் அடிக்கடி போகிறது. எலெக்ட்ரீசியன் ‘பாடி ஷார்ட், முழு ஒயரிங் கிட்டும் மாற்றணும், 16,000 ரூபாய் ஆகும்’ என்கிறார். பேட்டரிக் கடையில் ‘பேட்டரி போச்சு’ என்கிறார்கள். 35 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, வாங்கி 14 மாதம்தான் ஆகிறது. வாரண்டி கேட்டால் ‘உப்புக்காத்துல போனதுக்கெல்லாம் வாரண்டி கிடையாது’ என்று கையை விரிக்கிறார்கள். காரைக் குடும்பத்துக்கும் வைத்திருக்கிறேன், என் மீன் வியாபாரத்துக்கு டிக்கியில் ஐஸ் பெட்டியும் ஏற்றுவேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை, யாரும் மீட்டர் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை வாங்குங்கள், அல்லது இரவல் வாங்குங்கள். சில நூறு ரூபாய் சாமான்தான். 16,000 ரூபாயை எடுத்து வைப்பதற்கு முன்னால் அது கையில் இருக்கட்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை, நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்குகிறது என்றால், சாவி எடுத்த பிறகும் எதுவோ கரண்டைத் தின்றுகொண்டிருக்கலாம். ஃபியூஸ் போவது வேறு கதை, அதுதான் நிஜமான ஷார்ட், அதாவது கரண்ட் பல்புக்குப் போகாமல் குறுக்குவழியில் பாடிக்கு ஓடுவது. இரண்டையும் சேர்த்து ‘பாடி ஷார்ட்’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால் பில் பெரிதாகத்தான் வரும்.

முதலில் கரண்ட் இறக்கம். எல்லாவற்றையும் ஆஃப் செய்து, சாவியை எடுத்து, கதவுகளை மூடிவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றைக் கழற்றிய கிளாம்பிலும் வையுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது தப்பித்தவறியும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டரின் ஃபியூஸோ மீட்டரோ போய்விடும். 0.05 ஆம்பியருக்குள் காட்டினால் கவலை இல்லை. 0.3 காட்டினால் ஒரு நாளுக்கு 7 ஏஎச்சுக்கு மேல் போகிறது. 35 ஏஎச் பேட்டரி ஐந்தாம் நாள் காலி. நீங்கள் சொல்லும் நாலைந்து நாள் கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

அப்புறம் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். பழைய மாருதிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது பின்னால் மாட்டிய சமாசாரங்களை: புளூடூத் செட், ரிமோட் லாக், கூடுதல் ஹார்ன். ஒயரை உரித்து முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள். எல்லா ஃபியூஸையும் எடுத்த பிறகும் அளவு குறையவில்லையா? ஃபியூஸ் பெட்டிக்குப் போகாமல் பேட்டரியில் நேராகக் கொடுத்த ஒயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டைனமோவுக்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு கசியலாம். அதை எலெக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள். ஆனால் ‘டைனமோ மட்டும் பாருங்கள்’ என்று சொல்லி விடுங்கள்.

இனி ஃபியூஸ். உங்கள் கேள்வியில் கடைசியாகப் போகிறபோக்கில் சொன்னீர்களே, ஐஸ் பெட்டி, என் சந்தேகம் அங்கேதான். மீன் பெட்டியிலிருந்து வடிவது வெறும் தண்ணீர் அல்ல, உப்பும் ரத்தமும் கலந்த தண்ணீர். அது டிக்கியின் ஓரத்தில் ஓடும் ஒயருக்கும் டெயில் லைட் ஹோல்டருக்கும் போய்ச் சேர்ந்தால் செம்பில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். ஹோல்டரைக் கழற்றி பல்பை உருவிப் பாருங்கள், உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இல்லையென்றால் பழைய வழி ஒன்று உண்டு. போன ஃபியூஸின் இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு ஒயரோடு மாட்டி, டெயில் லைட் ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு பளீரென்று எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. இப்போது பின்பக்க லைட்டுகளின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், ஒயரை அங்கங்கே மெல்ல ஆட்டுங்கள். எங்கே கை வைத்ததும் பல்பு மங்குகிறதோ, கோளாறு அங்கே. பொறுமைதான் வேண்டும், ஒரு ஃபியூஸும் வீணாகாது. ஒரு எச்சரிக்கை: ஃபியூஸ் போகிறதே என்று அதிக ஆம்பியர் ஃபியூஸோ செம்புக் கம்பியோ வைத்துவிடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அது போகாவிட்டால் ஒயர் எரியும்.

எர்த் ஒயரையும் பார்த்துவிடுங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் போகிற ஒயர் அது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பேட்டரி முனைகளில் பூத்திருப்பதைக் கழுவ, வெந்நீரில் கரைத்த ஆப்பச் சோடா போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

முழு ஒயரிங் எப்போது மாற்றலாம்? நகத்தால் கீறினால் உறை பொடியாக உதிர்கிறது, பல இடங்களில் ஒட்டுப்போட்டிருக்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போதும் எந்த லைனில் என்ன கோளாறு என்று எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள், பழைய கிட்டைத் திருப்பிக் கேளுங்கள். அதைத் தர யோசிக்கும் கடையில் நான் வண்டியை விடமாட்டேன்.

சரி, பேட்டரி. அடிக்கடி அடிவரை இறங்கிய பேட்டரி கெட்டிருக்கலாம். ஆனால் இறக்கத்தை நிறுத்தாமல் புதுசு போட்டால் அதற்கும் இதே கதிதான். முழுசாக சார்ஜ் ஏற்றி, ஓர் இரவு கழித்து அளந்தால் 12.6 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது என்று அர்த்தம். நிறைய சார்ஜ் ஏற்றியும் நிற்கவில்லையென்றால் கடையில் லோடு டெஸ்ட்டும் (பாரம் கொடுத்துச் சோதிப்பது) கிராவிட்டியும் (உள்ளே இருக்கும் அமிலத்தின் அடர்த்தி) பார்த்து, முடிவை எழுதித் தரச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம். வாரண்டி அட்டையில் எதற்கெல்லாம் கிடையாது என்று அச்சடித்திருக்கும், அதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனிக்கே எழுதுங்கள். பலன் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் உத்தரவு போட முடியாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பேசுவார்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ‘வியாபாரத்துக்கு ஓட்டுகிற வண்டி, நீ நுகர்வோர் இல்லை’ என்று சொல்லிப் பார்ப்பார்கள். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் பயன்படுத்தும் பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தடையிலிருந்து விலக்குத் தருகிறது. உங்கள் மீன் வியாபாரம் அதற்குள் வரும். பில்லில் பேட்டரியின் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.