விறகுப் புகை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நுரையீரல் நோய்ப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். விறகுப் புகை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டாக்டர், மரம் இயற்கையானதுதானே? அதன் புகை சிகரெட் அளவுக்குக் கெடுதலா?

விறகு முழுசாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் மிஞ்சும். ஆனால் அடுப்பில் அப்படி எரிவதே இல்லை. அரைகுறையாக எரிவதால்தான் புகை வருகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் எல்லாம் உண்டு. சிகரெட் புகையிலும் இவை இருக்கின்றன. விறகில் நிக்கோட்டின் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, வீட்டுக்குள் விறகு எரிப்பதால் வரும் புகையை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்’ வகையில் சேர்த்திருக்கிறது.

இருபது வருஷமாக விறகடுப்பில்தான் சமைக்கிறேன். இருமல்கூட இல்லை. உடம்பு பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அம்மா, அப்படி நினைத்துவிடாதீர்கள். தொண்டையையும் கண்ணையும் எரிக்கிற புகை ஒரு பங்குதான். அதைவிடப் பொல்லாதவை 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள். நம் தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் இவற்றைப் பிடித்து நிறுத்த முடியாது. நேராக நுரையீரலின் காற்றுப் பைகளுக்குப் போய் அழற்சியை உண்டாக்கும். அதன் பாதிப்பு ரத்தக் குழாய்கள் வரை போகும். அதனால்தான் மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் புகையோடு தொடர்பு இருக்கிறது. கண்புரைக்கும் உண்டு.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் மெதுவாக வருவது. முதலில் மாடி ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும். வயசாகிவிட்டது என்று நினைத்து நடையைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரு சிகரெட்கூடத் தொடாத பெண்கள் இந்த நோயோடு வந்து நிற்பதைப் பார்க்கும்போது, பத்து வருஷம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு மனசு கனத்துப்போகும். இத்தனை வருஷம் புகையில் நின்றிருக்கிறீர்கள், ஒருமுறை ஸ்பைரோமெட்ரி செய்துகொள்ளுங்கள். குழாயில் பலமாக ஊதும் பரிசோதனைதான், வலிக்காது.

கைக்குழந்தையை அடுப்பங்கரையில் பக்கத்திலேயே படுக்க வைக்கிறேன். பரவாயில்லையா?

தயவுசெய்து வேறு இடத்தில் படுக்க வையுங்கள். உடல் எடையோடு ஒப்பிட்டால், குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. வீட்டுக்குள் புகை இருந்தால் சிறு குழந்தைகளுக்கு நிமோனியா போன்ற தொற்று வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. கர்ப்பிணிகள் இந்தப் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கலாம்.

மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதுமா?

போதாது. நுண்துகள் துணி வழியாகவும் ஓரங்கள் வழியாகவும் உள்ளே போய்விடும். முகத்தோடு சரியாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும், ஆனால் வாயுக்களைத் தடுக்காது.

உடனே கேஸுக்கோ மின் அடுப்புக்கோ மாற வழியில்லை. என்ன செய்யலாம்?

மாறுவதுதான் சரியான தீர்வு. அதுவரைக்கும் நன்றாகக் காய்ந்த விறகைச் சிறிதாகப் பிளந்து எரியுங்கள். ஈர விறகில் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகும், தீ தணிந்து புகை பெருகும். எதிரெதிரே ஜன்னல் திறந்திருக்கட்டும். புகைபோக்கி இருந்தால் கரி அடைக்காமல் பாருங்கள். பிளாஸ்டிக்கையும் பெயின்ட் அடித்த மரத்தையும் அடுப்பில் போடவே கூடாது.

குளிருக்கு நெருப்புக் கங்குகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறோம். புகையே இல்லையே?

இன்று இரவே நிறுத்துங்கள். புகையில்லாத கங்குதான் கார்பன் மோனாக்சைடை நிறைய விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போகும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால், யோசிக்காமல் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம் நேராக மருத்துவமனை.