காசிமேட்டில் மேடை எதற்கு?

கேள்வி: டிசம்பர் பிறந்தால் மயிலாப்பூர், தி.நகர் சபா கேண்டீன்களில் கூட்டம் அலைமோதுகிறது. மெரினாவில் உணவுத் திருவிழா நடக்கிறது. வடசென்னையில் மட்டும் குளிர்காலம் வந்ததும் போனதும் தெரியாமல் போய்விடுகிறது. காசிமேட்டில் ஒரு மீன் உணவுத் திருவிழா நடத்தினால் அந்தப் பகுதிக்கும் ஒரு கௌரவம் கிடைக்காதா? வடசென்னைக்காரரான நீங்கள் ஏன் இதற்குக் குரல் கொடுப்பதில்லை? (ஒரு வாசகர், நங்கநல்லூர்)

பதில்: முதலில் அந்தக் 'கௌரவம்' என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பேசலாம்.

சபா கேண்டீன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கச்சேரியைச் சாக்காக வைத்துக்கொண்டு கீரை வடைக்காக ரயிலேறிப் போனவன்தான் நானும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து போகிற கூட்டத்தில் முதல் ஆள் நான். 2024 டிசம்பரில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மெரினாவில் நடத்திய உணவுத் திருவிழாவும் நல்ல காரியம்தான். பல மாவட்டத்துச் சமையலை ஒரே மணலில் நின்று சாப்பிட முடிந்தது. என் சண்டையெல்லாம் 'தெரியாமல் போய்விடுகிறது' என்று எழுதினீர்களே, அதோடுதான். யாருக்குத் தெரியாமல்?

குளிர்காலம் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. 20 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தாலே மங்கி குல்லா மாட்டுகிற ஊருக்குக் குளிர்காலம் என்ற பெயரே கொஞ்சம் அதிகம். ஐப்பசி கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி, எல்லாவற்றுக்கும் நடுவே வாடைக்காற்று. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாச்சா என்பதுதான் வீட்டில் முதலில் கேட்கிற செய்தி. ஏற்றியாச்சு என்றால் படகெல்லாம் காசிமேட்டில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். கடலுக்குப் போகிறவர் திண்ணையில் வலை பின்னுவார். அடுப்பில் என்ன ஏறும் என்பது அன்றைக்கு வேறு கணக்கு.

அந்தக் கணக்கைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் கருவாடு காயாது. வெயில் நாளில் காய்ந்ததைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள். படகு போகாத நாளில் அது வெளியே வரும். மார்கழி பாதி தாண்டினால் பச்சை மொச்சை சந்தைக்கு வந்துவிடும். மொச்சை, கத்திரிக்காய், வாளைக் கருவாடு மூன்றையும் சேர்த்துப் புளி கொஞ்சம் தூக்கலாக என் அம்மா வைக்கிற குழம்புக்கு ஈடாக நான் இன்னும் எந்தத் திருவிழாவிலும் எதுவும் சாப்பிடவில்லை. கருவாட்டைச் சுடுதண்ணீரில் போட்டு மணல் போக இரண்டு தரம் அலசுவார். குழம்பு கொதித்து எண்ணெய் மிதந்த பிறகுதான் துண்டுகளை இறக்குவார். முன்னாலேயே போட்டால் கரைந்துவிடுமாம். மறுநாள் காலை இட்லிக்கு அது இன்னும் ருசி. வாசனை தெரு முழுக்கப் போகும். மாலை போட்டிருக்கிற எதிர்வீட்டுச் சாமி ஜன்னலைச் சாத்திக்கொள்வார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றின அன்று அதே சாமி கிண்ணத்தோடு வந்து நிற்பார். அம்மா தனியாக எடுத்து வைத்திருப்பார். இதற்கு ஒரு மேடை போட்டு ரிப்பன் வெட்ட வேண்டும் என்கிறீர்களா?

மாலை என்றதும் ஞாபகம் வந்தது. ஐயப்பன் சீசனில் மீன் விலை இறங்கும். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், கூடையோடு உட்கார்ந்திருக்கிற ஆயாவுக்கு அது வயிற்றெரிச்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது வாங்க ஆள் இருக்கும், மீன் இருக்காது. கார்த்திகையில் மீன் இருக்கும், வாங்க ஆள் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்கள் வட்டி கட்டுகிறார்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிறார்கள்.

திருவொற்றியூரில் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் ஆதிபுரீசுவரரின் கவசத்தைத் திறப்பார்கள். வருஷத்தில் அந்த மூன்று நாள்தான். புற்று வடிவான சாமி என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. புனுகும் சாம்பிராணித் தைலமும்தான். வரிசை தெருவைச் சுற்றி வளைந்து போகும். வரிசையில் நிற்கிறவர்களுக்காகவே பொரி உருண்டையும் கடலையும் சுக்குக் காபியும் வந்து சேரும். யாரும் அழைப்பிதழ் அடித்து வைத்த கடைகள் அல்ல. கொஞ்சம் தள்ளி காலடிப்பேட்டைப் பெருமாள் கோயிலில் மார்கழி விடியலில் தொன்னையில் தருகிற வெண்பொங்கலுக்காக நான் சின்ன வயதில் பல்கூடத் தேய்க்காமல் ஓடியிருக்கிறேன். (காலடிப்பேட்டை என்றால் யாருடைய காலடியோ என்று நினைக்காதீர்கள். காலட் என்ற ஆங்கிலேய கவர்னர் நெசவாளர்களுக்காக அமைத்த ஊர். காலட்பேட்டைதான் நம் வாயில் இப்படி ஆனது.)

மழை பெய்த சாயங்காலம் பீச் ஸ்டேஷனில் இறங்கி பர்மா பஜார் பின்பக்கம் நடந்து பாருங்கள். அத்தோ வண்டிகள் நிற்கும். 1960களில் பர்மாவில் கடையும் வீடும் போய்க் கப்பலேறி வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த தீனி அது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப் போட்ட மொறுமொறுப்பு. எல்லாவற்றையும் கையால்தான் பிசைவார். பர்மிய மொழியிலும் பிசைந்து கலந்த பண்டத்துக்குத்தான் அந்தப் பெயர். பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கும். கேட்காமலே ஒரு கிண்ணம் ஊற்றுவார். அவித்த முட்டையைக் கீறி வெங்காயமும் புளித்தண்ணீரும் அடைத்துத் தருவது தனி. அந்தச் சூப்பில் ஒரு வாய் குடித்துவிட்டு வாடைக்காற்றில் நின்றால், அதுதான் சார் எங்கள் சீசன். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பர்மாக்காரர்கள் குடியேறிய தெருக்கள் இருக்கின்றன. அத்தோ அவர்களோடு அங்கெல்லாமும் போய்விட்டது.

ராயபுரம் கிறிஸ்துமஸைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். ராயப்பர் என்றால் பேதுரு. புனித பேதுரு பெயரில் படகுக்காரர்கள் கட்டிய கோயில் அங்கே இருக்கிறது. கல்கல்லும் அச்சு முறுக்கும் ஒரு வாரம் முன்னாலிருந்தே டப்பாக்களில் சேர ஆரம்பிக்கும். எங்கள் வீட்டிலிருந்து போகிற பொங்கல் தட்டு போகியன்று போகும், அவர்கள் தட்டு 25ஆம் தேதி வரும். இரண்டுமே காலியாகத் திரும்பாது. மறுநாள் 26. அன்று காசிமேட்டில் கடலில் பால் ஊற்றிப் பூப் போடுவார்கள். 2004இல் அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. உங்கள் டிசம்பர் சீசன் அட்டவணையில் இந்தத் தேதி இருக்காது. இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

சரி, உங்கள் திருவிழாவுக்கு வருகிறேன். திருவிழா என்று ஒன்றை வைத்தால் யார் உள்ளே வருவார்கள், யார் வெளியே நிற்பார்கள் என்று யோசித்தீர்களா? 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூரிலேயே அந்தக் கதை! புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் பீஃப் சுக்காவும் குடல் போட்டியும் மணக்கிறதே, உங்கள் மேடையில் அதற்கு முதல் வரிசையா, கடைசி வரிசையா, இல்லை வரிசையே இல்லையா? அப்புறம் விடியற்காலை இரண்டு மணிக்கு ஏலத்துக்குப் போய், கூடை எடுத்து, மதியம் வரை ஈரத்தில் உட்கார்ந்து விற்ற அம்மா, சாயங்காலம் தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வந்து உங்களுக்கு 'லைவ்' ஆக வஞ்சிரம் பொரிக்க வேண்டுமா? அவர் வரமாட்டார். அவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு வேறு யாரோ பொரிப்பார்கள்.

மீன் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழை முடிந்து முகத்துவாரம் திறந்து, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கும் இந்தக் காலம்தான் எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலுக்குத் தோது. அதே காலத்தில்தான் அடியும் விழுகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. கிட்டத்தட்ட ஏழு வருஷம் கழித்தும் அதே வாளி. இம்முறை மீனவர்களே படகில் ஏறி வெறுங்கையால் அள்ளினார்கள். படகும் வலையும் கறுத்தன, பறவைகளின் சிறகும் கறுத்தது. அந்த மாதமே 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அந்த வாரங்களில் நான் மார்க்கெட்டுக்குப் போனேன். வாங்க வந்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "எண்ணூர் மீனா?" என்பதுதான். "இல்ல நைனா, ஆழ்கடல் மீனு, பாரு, செவுளைத் தூக்கிப் பாரு" என்று ஒரு அம்மா செவுளைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவரே எண்ணூர்க்காரர். தன் ஊர்ப் பெயரைத் தானே மறைத்துத்தான் அன்றைக்கு அவர் மீனை விற்க வேண்டியிருந்தது. கௌரவம் பற்றிப் பேச ஆசைப்பட்டீர்கள் இல்லையா, அங்கிருந்து தொடங்குங்கள்.

குரல் கொடுக்கச் சொன்னீர்கள். கொடுக்கிறேன்: மீன் விற்கும் பெண்கள் பொழுதெல்லாம் உட்காரும் இடங்களில் நல்ல கழிவறையும் குடிதண்ணீரும் வெளிச்சமும் வேண்டும். ஆற்றில் எண்ணெயும் அனல்மின் நிலையச் சாம்பலும் இறங்கக் கூடாது. ஷாமியானா அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு திட்டிவிட்டு உங்களைக் கூப்பிடாமல் இருந்தால் மரியாதை இல்லை. மார்கழியில் ஏதாவது ஒரு ஞாயிறு, விடியற்காலை நாலு மணிக்குக் காசிமேட்டுக்கு வாருங்கள். புதுச் செருப்பு வேண்டாம், பை மட்டும் மறக்காதீர்கள். பேரம் பேச என் வீட்டம்மாவைக் கூட்டி வருகிறேன். அவர் கறார்ப் பேர்வழி, ஆனால் வெட்டிக் கொடுக்கிற பெண்ணிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்க மாட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை: ஏலம் நடக்கிற இடத்தில் நின்றுகொண்டு தலை சொறியக்கூடக் கையைத் தூக்காதீர்கள். அங்கே கிலோக் கணக்கு இல்லை, கூடைக் கணக்கு. ஒரு கூடை கானாங்கெளுத்தியோடு நங்கநல்லூருக்கு நீங்கள் எந்த ரயிலில் போவீர்கள்?